மணவுறவுக்கு வெளியே பிறந்த ஒருவர் இடைக்காலத்தில் அரசராகி நிலைத்து ஆண்டதுண்டா?

உண்டு. கேட்டவுடன் பலரும் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியமைச் சொல்வார்கள். நான் போர்த்துகலின் முதலாம் ஜுவாவைச் சொல்வேன். 1385 முதல் 1433 வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆண்டவர்.

மன்னர் முதலாம் பெத்ருவுக்கும் தெரேசா லொரென்சு என்ற பெண்ணுக்கும் 1357இல் பிறந்தார். அரியணைக்கு இவரை யாரும் நினைக்கவில்லை. பால்பல் விழும் வயதில், 1364இல், அவிஸ் என்ற துறவுப் படையமைப்புக்குத் தலைவராக்கினார்கள். பதவியும் வருமானமும் உண்டு. முறைப்படி மணம் செய்துகொள்ள வழியில்லை. வேண்டாத வாரிசை மரியாதையாக ஓரங்கட்ட இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

1383இல் அண்ணன் ஃபெர்னாந்து மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். மணவுறவில் பிறந்த அவருடைய ஒரே மகள் பெயத்ரிஸ், அண்டை நாடான காஸ்டிலின் மன்னர் ஹுவானின் மனைவி. நாடே மருமகனிடம் போய்விடும் என்ற நிலை. டிசம்பரில் ஜுவாவ் அரண்மனைக்குள் சென்று, ஆட்சிப் பொறுப்பிலிருந்த, ஃபெர்னாந்துவின் விதவையான அரசியின் காதலர் என்று ஊர் பேசிய அந்தெய்ருவைக் கொன்றார். கொல்லப்படுவது ஜுவாவ்தான் என்று தெருவில் செய்தி பரப்பப்பட, லிஸ்பன் மக்கள் அரண்மனையை நோக்கித் திரண்டார்கள். அடுத்த ஆண்டு காஸ்டில் படை லிஸ்பனை முற்றுகையிட்டது. நகரம் பட்டினியில் வாடியது. முகாமில் கொள்ளைநோய் பரவவே முற்றுகையிட்டவர்கள் திரும்பினார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். 1385இல் கோயிம்ப்ராவில் பிரதிநிதிகள் சபை கூடியது. ஜுவாவுக்காகப் பேசியவர் ரெக்ராஸ் என்ற சட்ட அறிஞர். தம் கட்சிக்காரரின் பிறப்பில் குறை இல்லை என்று அவர் வாதிடவே இல்லை. மற்றவர்களின் பிறப்பை ஒவ்வொன்றாகக் கிளறினார். பெயத்ரிஸின் தாய்க்கு முந்தைய கணவர் உயிரோடு இருந்தார், ஆகவே இரண்டாம் மணம் செல்லாது. மறைந்த பெத்ரு மன்னருக்கும் இனேஸ் தெ காஸ்த்ருவுக்கும் பிறந்த மகன்களா? அந்த இரகசியத் திருமணத்துக்குச் சான்று எங்கே? முறையான வாரிசு எவரும் இல்லை, அரியணை காலி, நாடு தானே தேர்ந்துகொள்ளலாம் என்று முடித்தார். ஏப்ரல் 6 அன்று ஜுவாவ் மன்னரானார்.

(படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மன்னர், எதிரி மன்னர், கொலையுண்ட காதலர், இனேஸின் மூத்த மகன், வழக்காடியவர், பிற்பாடு வந்த ஆங்கிலேய மாமனார், எல்லாருக்கும் ஒரே பெயர்தான். ஜுவாவ், ஹுவான், ஜான். நான் தாளில் படம் போட்டுத்தான் கரையேறினேன்.)

வாதம் சபையில் வென்றாலும் போர்க்களத்திலும் வெல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்டு 14 அன்று அல்ஜுபரோட்டாவில், தளபதி நூனு அல்வாரஸ் பெரெய்ரா தேர்ந்த இடத்தில், பள்ளங்களும் அகழிகளும் வெட்டிக் காத்திருந்த சிறிய படை பெருஞ்சேனையை முறியடித்தது. ஆங்கிலேய வில்லாளர்களும் உடன் நின்றார்கள். மறு ஆண்டு இங்கிலாந்தோடு வின்ட்சர் உடன்படிக்கை. 1387இல் இங்கிலாந்தின் பிலிப்பாவோடு திருமணம். 1415இல் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள செயூட்டாவைக் கைப்பற்றினார். உடன் சென்ற மகன் ஹென்றிதான் பின்னர் கடற்பயணங்களுக்குப் பணமும் ஆளும் கொடுத்தவர். அல்ஜுபரோட்டா வெற்றிக்கு நன்றியாகத் தொடங்கிய பட்டாலியா மடத்தில் மன்னரும் பிலிப்பாவும் கைகோத்துப் படுத்திருக்கும் கல்லறைச் சிற்பம் இன்றும் இருக்கிறது.

மணத்துக்கு முன் இவருக்கும் அப்படி ஒரு மகன் பிறந்திருந்தான், பெயர் அஃபோன்சு. தளபதி பெரெய்ராவின் மகளை மணந்து, பிரகான்சா கோமகனானான். 1640இல் அந்தக் கிளை போர்த்துகலின் அரியணை ஏறியது. அந்தக் குடும்பத்துப் பெண் கேத்தரின் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸை மணந்தபோதுதான் பம்பாய் சீதனமாகப் போனது.