எல்லாருக்கும் ஒரு செமஸ்டர் வரலாறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எந்தப் பட்டம் படித்தாலும் வரலாறு ஒரு தாள் கட்டாயம் என்று கொண்டுவரப்போவதாக எங்கள் பல்கலைக்கழகத்தில் பேச்சு அடிபடுகிறது. சென்ற மாதக் கட்டுரை ஒன்றில் நீங்களும் அதை ஆதரித்து ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளியில் வரலாறு என்றால் ஆண்டுகளையும் போர்களையும் மனப்பாடம் செய்து தேர்வு முடிந்த அன்றே மறந்ததுதான். பதினெட்டு வயது தாண்டியவர்களை இதைப் படித்தே ஆக வேண்டும் என்று பிடித்து உட்கார வைப்பது சரியா? ஆர்வம் இருப்பவர்கள் யூடியூபில் பார்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே நேரம் போதவில்லை. என் துறைக்கு இதனால் என்ன பயன் என்று நேராகச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

நேராகவே சொல்கிறேன். கட்டாயம் வேண்டும் என்பதுதான் இப்போதும் என் எண்ணம். ஆனால் நீங்கள் பள்ளியில் படித்த அதே வரலாறு இன்னொரு செமஸ்டர் நீள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வருமானால் உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.

முதலில், இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எல்லாரும் எடுத்து நீட்டும் ஒரு காரணத்தை ஒதுக்கிவிடுகிறேன். வரலாறு தெரியாதவர்கள் பழைய தவறையே திரும்பச் செய்வார்கள் என்பது. நான் அதை நம்புவதில்லை. பிரிட்டனில் அந்தோணி ஈடன் என்று ஒருவர், இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியோடு பேச்சுவார்த்தைக்குப் போகும் விஷயத்தில் பிரதமர் சேம்பர்லினோடு முரண்பட்டு 1938இல் வெளியுறவு அமைச்சர் பதவியையே விட்டுவிட்டு வந்தவர். அவரே பிரதமராக இருந்தபோது, 1956இல், எகிப்தின் அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமை ஆக்கினார். ஈடனுக்கு நாசரிடம் தெரிந்தது 1930களின் சர்வாதிகாரியின் முகம். இந்த முறை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று படை அனுப்பினார். அமெரிக்கா நெருக்கியதும் சில நாட்களிலேயே சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று, அடுத்த ஜனவரியில் உடல்நலத்தைக் காரணம் சொல்லிப் பதவி விலகினார். அந்த மனிதருக்கு வரலாறு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, அதற்குள்ளேயே வாழ்ந்தவர். ஒரே ஒரு பாடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பது வேறு ஆள் என்பதைப் பார்க்கத் தவறினார். அதனால் நிறைய வரலாற்றுத் தகவல் தெரிந்தால் நல்ல முடிவு எடுப்போம் என்ற உறுதியை நான் உங்களுக்குத் தர மாட்டேன்.

அப்புறம் எதற்குப் படிப்பது? என் வீட்டிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு மூன்று பிறந்த தேதிகள். பள்ளிச் சான்றிதழில் ஒன்று. அதற்கு ஏழு மாதம் பிந்தி, தாத்தாவின் கணக்கு நோட்டில் ஒன்று. பெரியம்மா ஞாபகத்திலிருந்து சொல்லும் 'மழை விடாமல் பெய்த வாரம்' மூன்றாவது. ஒருநாள் மதியம் முழுக்க உட்கார்ந்து எதை நம்புவது என்று பேசினோம். சான்றிதழ் அரசாங்க முத்திரையோடு இருக்கிறது, ஆனால் பள்ளியில் சேர்க்க வயது போதாது என்று தேதியை முன்னால் தள்ளிக் கொடுத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பெரியம்மா நேரில் பார்த்தவர்தான், ஆனால் அப்போது அவருக்கு நான்கு வயது. தாத்தாவின் நோட்டில் மருத்துவச் செலவுக்குப் பக்கத்தில் ஒரே வரி, 'பெண் குழந்தை' என்று. அதற்கு மேலும் கீழும் மற்ற செலவுகள் தேதி வரிசை பிசகாமல் இருந்தன, அதே மை, அதே கையெழுத்து. பின்னால் நுழைத்த வரியாக இருக்க முடியாது, யாரிடமும் காட்டுவதற்காக எழுதியதும் இல்லை. நோட்டை நம்பினோம். முத்திரை குத்திய தாளை விட்டுவிட்டு ஒரு பழைய நோட்டை நம்பினோம், ஏன் என்று எங்களால் காரணமும் சொல்ல முடிந்தது. வரலாறு என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான். இதை உங்களுக்குப் பள்ளியில் யாரும் செய்யக் கொடுக்கவில்லை, எனக்கும் கொடுக்கவில்லை. முடிந்துபோன தீர்ப்பை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்.

இதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டில் ரோமையும் மேற்குப் பகுதி முழுவதையும் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது, அதைக் காட்டிப் போப்புகள் நூற்றாண்டுக் கணக்கில் அதிகாரம் கோரி வந்தார்கள். வல்லா 1440இல் அதன் லத்தீனைச் சொல் சொல்லாக எடுத்துப் பார்த்தார். 'சத்ரப்' என்ற சொல் வருகிறது. அது பாரசீக ஆளுநருக்கான பெயர், ரோமப் பேரரசர் தன் அரசவை ஆட்களை அப்படிக் குறிப்பிட வழியே இல்லை. கான்ஸ்டான்டிநோபிள் பெரிய திருச்சபைத் தலைமையிடமாக வருகிறது, ஆனால் சாசனம் சொல்லும் காலத்தில் அப்படி ஒரு தலைமையிடமே கிடையாது. ஆக, போலி. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டிருக்கலாம் என்று இன்றைய அறிஞர்கள் பொதுவாகக் கருதுகிறார்கள். இதில் எனக்கு இன்னும் பிடித்தது ஒன்று உண்டு. வல்லா அப்போது அரகானின் மன்னர் அல்ஃபோன்சோவிடம் வேலையில் இருந்தார், அந்த மன்னருக்கும் போப்புக்கும் நேப்பிள்ஸ் விஷயத்தில் தகராறு. அப்படியென்றால் வல்லாவையும் சந்தேகப்பட வேண்டாமா? கட்டாயம் வேண்டும். சந்தேகப்பட்டுவிட்டு அவர் காட்டிய ஆதாரத்தை நாமே சரிபார்க்கலாம், அது நிற்கிறது. சொல்பவருக்கு உள்நோக்கம் இருக்கிறது என்பதால் மட்டும் சொன்னது பொய்யாகிவிடாது. இந்த ஒரு பழக்கம் நம் எல்லாருக்கும் படிந்திருந்தால் இன்று கைபேசியில் நடக்கும் பாதிச் சண்டைகள் வேறு மாதிரி இருக்கும்.

சரி, உங்கள் துறைக்கு வருகிறேன். நெதர்லாந்தில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நகராட்சிகள் மிக ஒழுங்கான குடிமக்கள் பதிவேடு வைத்திருந்தன. பெயர், முகவரி, பிறந்த தேதி, கூடவே மதம். அந்த மதக் கட்டத்தை யாரும் கெட்ட எண்ணத்தில் சேர்க்கவில்லை, நிர்வாகத்தில் அது ஒரு வழக்கமான விவரம், அவ்வளவுதான். 1940 மே மாதம் ஜெர்மன் படை வந்தது. அடுத்த ஆண்டு புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது, போலி செய்ய மிகக் கடினமான அட்டை, வடிவமைத்தவர் டச்சு அதிகாரியேதான். யூதர்களின் அட்டையில் 'ஜே' எழுத்து. அந்நாட்டில் இருந்த ஏறக்குறைய 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பதிவேடு ஒன்றுதான் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதில்லை. ஒளிய மலையோ காடோ இல்லாத நிலப்பரப்பு, ஆக்கிரமிப்பு ஆட்சியின் தன்மை என்று பலவற்றைச் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவேட்டின் அருமை எதிர்த்துப் போராடியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1943 மார்ச் 27 இரவு, வில்லெம் அரோண்டேயுஸ் என்ற ஓவியரும் அவர் கூட்டாளிகளும் காவலர் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் போய், காவலாளிகளுக்கு மயக்க ஊசி போட்டுப் பத்திரமாக வெளியே கிடத்திவிட்டு, பதிவு அட்டைகள் இருந்த பெட்டிகளை இழுத்துக் கொட்டித் தீ வைத்தார்கள். எரிந்தது ஒரு பகுதிதான். பிடிபட்டவர்களில் அரோண்டேயுஸ் உட்படப் பன்னிரண்டு பேர் ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

நீங்கள் இன்னும் இரண்டு வருடத்தில் எங்கோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து டேட்டாபேஸ் ஒன்றை வடிவமைப்பீர்கள். "இந்த விவரத்தையும் வாங்கி வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்" என்று யாராவது சொல்வார்கள். யாருக்கு உதவும் என்ற கேள்வி அந்த நொடியில் உங்களுக்குத் தோன்ற வேண்டும். பாதுகாப்பு பற்றிய பாடத்தில் திருடனிடமிருந்து தகவலைக் காப்பது எப்படி என்று படிப்பீர்கள். சாவியைச் சட்டப்படி வைத்திருப்பவரே நாளை மாறிவிட்டால் என்ன ஆகும் என்பது ஆம்ஸ்டர்டாமில் எரிந்த அந்த அட்டைகளைப் பற்றிப் படித்தால்தான் உறைக்கும்.

பொறியியலிலும் அப்படித்தான். 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்தது, 2003இல் கொலம்பியா சிதறியது, ஒவ்வொன்றிலும் ஏழு பேர். கொலம்பியா விசாரணைக் குழுவின் அறிக்கையில் ஒரு அத்தியாயத்துக்குத் தலைப்பே 'வரலாறே காரணம்' என்ற பொருளில் இருக்கிறது. சேலஞ்சரில் உந்து ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையத்தின் அரிப்பு, கொலம்பியாவில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பஞ்சு வந்து மோதுவது, இரண்டையும் முந்தைய பயணங்களில் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்பதால் சகஜம் என்று எடுத்துக்கொண்டார்கள். விண்கல விபத்தை ஆராய வந்த குழுதான், 'வரலாறு' என்ற சொல் இல்லாமல் அவர்களால் அதை விளக்க முடியவில்லை.

யூடியூபைப் பற்றி. அதில் அருமையான வரலாற்றுக் காணொளிகள் உண்டு, நானும் பார்க்கிறேன். ஆனால் அங்கே அடுத்து என்ன வரும் என்பதை உங்கள் முந்தைய விருப்பம்தான் தீர்மானிக்கிறது. நீங்கள் சொல்வது தவறு என்று ஆதாரத்தோடு மறுக்கும் சக மாணவி அங்கே பக்கத்தில் இருக்க மாட்டாள். வகுப்பில் இருப்பாள். ஆர்வம் இருப்பவர்கள் எப்படியும் படிப்பார்கள் என்பது உண்மைதான், எனக்குக் கவலை தருவது மற்றவர்கள். அவர்களும் வாக்களிக்கிறார்கள், அவர்களும் ஃபார்வர்ட் செய்கிறார்கள்.

வயது வந்தவர்களைக் கட்டாயப்படுத்துவது பற்றி நீங்கள் கேட்டதைத் தள்ளிவிட மாட்டேன். பட்டம் என்பது ஒரு நிறுவனம் உங்களைப் பற்றித் தரும் வாக்குமூலம். அதற்காகத்தான் உங்களுக்குக் கணிதத்தையும் மொழித்தாளையும் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள், அதை நீங்கள் எதிர்க்கவில்லை. வரலாற்றில் மட்டும் எதிர்ப்பு வருவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வரலாற்றைக் கட்டாயம் ஆக்கியவர்கள் பெரும்பாலும் அரசுகள். துருக்கியின் 1981 உயர்கல்விச் சட்டப்படி எந்தத் துறை மாணவரும் அந்தக் குடியரசை நிறுவிய அதாதுர்க்கின் கொள்கைகளையும் துருக்கியப் புரட்சி வரலாற்றையும் படிக்க வேண்டும். சீனாவில் நவீன சீன வரலாறு, அரசியல் கல்வியின் ஒரு பகுதியாகவே இளங்கலை மாணவர்களுக்குக் கட்டாயம். அமெரிக்காவின் டெக்சாஸில் அரசுக் கல்லூரிகளில் ஆறு செமஸ்டர்-மணிநேர அளவுக்கு அமெரிக்க வரலாறு படிக்காமல் இளங்கலைப் பட்டம் கிடையாது. மூன்றையும் ஒன்றாக்கி நிறுத்த வரவில்லை, வகுப்பறையில் கேள்வி கேட்பதற்கு இருக்கும் இடம் மூன்றிலும் ஒன்றல்ல. ஆனால் மூன்றிலும் பாடம் தன் நாட்டைப் பற்றியது, அதைத் தீர்மானித்தது சட்டமன்றமோ அமைச்சகமோ. அங்கேதான் எனக்குப் பயம் வருகிறது. கட்டாயம் என்ற கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே வந்து உட்காருவது ஆட்சியில் இருப்பவர்களுக்குப் பிடித்த கதைதான்.

அதனால் நான் கேட்பது சிறியது. ஒரே ஒரு செமஸ்டர். நாட்டின் முழுக்கதை வேண்டாம். ஏதாவது ஒரு நிகழ்வு, அவரவர் துறைக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மருத்துவ மாணவர்களுக்கு ஒரு தொற்றுநோய், சட்ட மாணவர்களுக்கு ஒரு வழக்கு, உங்களுக்கு ஒரு பதிவேடு. அன்று எழுதப்பட்ட கடிதம், அறிக்கை, கணக்கு, படம் என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத பத்துப் பன்னிரண்டு ஆவணங்களைக் கையில் கொடுத்து, என்ன நடந்தது, எப்படித் தெரியும், எங்கே தெரியவில்லை என்று எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதை இன்னொரு மாணவர் மறுத்து எழுத வேண்டும். எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று மனப்பாடமாகக் கேட்கும் தேர்வு இருக்கவே கூடாது.

நேரம் போதவில்லை என்கிறீர்கள், அது நிஜம். கூடுதல் சுமையாக வரக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு பொதுத்தாளை எடுத்துவிட்டுத்தான் இது வர வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியர்கள். இப்படிப் பாடம் நடத்த முப்பது பேருக்கு ஒரு வகுப்பு வேண்டும். முந்நூறு பேரை ஒரு கூடத்தில் அடைத்து, தற்காலிகச் சம்பளத்தில் இருக்கும் ஒருவரிடம் மைக்கைக் கொடுத்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் குறிப்பு சொல்லி எழுத வைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்போது நீங்கள் பள்ளியில் வெறுத்தது அப்படியே திரும்ப வரும்.

உங்கள் பல்கலைக்கழகம் மாணவர்களின் கருத்தைக் கேட்குமா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டால் இரண்டை எழுதிக் கொடுங்கள்: மூல ஆவணங்களை வைத்து நடக்கும் வகுப்பு, மனப்பாடத் தேர்வு இல்லாத மதிப்பீடு. இரண்டுக்கும் முடியாது என்று சொன்னால் எதிர்ப்பு மனு எழுதுங்கள், எனக்கும் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்