அக்றிலிக்கில் கனவு போன்ற சுய உருவப்படம் வரைவது எப்படி? மனம்போன போக்கில் தொடங்கினால் சேறாகிறது, கண்ணாடி பார்த்தால் அடையாள அட்டைப் படமாகிறது (கிளிநொச்சி)

நீங்கள் சொன்ன இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான்: முகத்தை முதலில் வரைகிறீர்கள். முகத்தைப் பின்னுக்கு வையுங்கள்.

12×16 அங்குல ஹாட்போட் போதும். கெஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தடவை முன்பக்கம், ஒன்று பின்பக்கம். பின்பக்கத்தை விட்டால் மாரிக்காலத்து ஈரத்தில் பலகை வளையும். நிறங்கள் ஐந்து: அல்ட்ராமரைன் நீலம், பேர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), மஞ்சள் காவி, கிரிம்சன் (கருஞ்சிவப்பு), வெள்ளை. கறுப்பு வாங்கவேண்டாம். நீலமும் சியன்னாவும் சேர்ந்தால் அதைவிட உயிருள்ள இருட்டு வரும்.

கனவைக் கதையாக எழுதிவைக்காதீர்கள். விடியப்புறத்துக் கனவுதான் அதிகம் நினைவில் நிற்கும், அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். எழும்பியவுடன் மூன்றை மட்டும் குறியுங்கள்: என்ன நிறம், என்ன இடம், வெளிச்சம் எந்தப் பக்கம். தறப்பாள் நீலம், குளக்கட்டு, கீழிருந்து வெளிச்சம் என்று இருந்தால் ஒரு படத்துக்குப் போதும். உருகும் கடிகாரமும் பிறை நிலவும் மற்றவர்களுடைய கனவுகள்.

இனி, முகத்துக்கு முன் பலகையில் கறை. குறித்த நிறங்களில் இரண்டை மட்டும் எடுங்கள். ஒரு பங்கு சாயத்துக்கு ஒரு பங்கு தண்ணீர். அதற்குமேல் அதிகம் நீர்த்தால் சாயத்திலுள்ள பசை பலமிழந்து, அடுத்த பூச்சில் கரைந்து வரக்கூடும். இன்னும் மெல்லியதாக வேண்டுமென்றால் அக்றிலிக் மீடியம் (நிறமில்லாத அக்றிலிக் பசை) கலவுங்கள். பலகையைக் கிடையாக வைத்து ஊற்றிப் பரப்பி, ஈரம் காயுமுன் சோற்றுப்பார்சல் சுற்றும் லஞ்ச் சீற்றைக் கசக்கி மேலே அழுத்தி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். வேர், பாசி, பாறைபோலக் கோலங்கள் எழும்பும். 1936 இல் சர்ரியலிச (கனவுலக) ஓவியர் ஒஸ்கார் டொமிங்கேஸ் குவாஷ் எனும் நீர்ச்சாயத்தில் செய்த ‘டெக்கல்கொமேனியா’ இந்த வேலைதான். அதே வகை ஓவியரான மாக்ஸ் ஏர்ன்ஸ்ட் அதை எண்ணெய்ச் சாயத்துக்குக் கொண்டுபோனார். எதிரெதிர் நிறங்களை ஈரத்தோடு ஈரமாகக் கலந்தால்தான் சேறு வரும். ஒன்று காய்ந்தபிறகு மற்றது.

குளக்கட்டுச் செம்மண்ணையும் சேர்க்கலாம். ஒரு பிடி மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி, அரை நிமிடம் மணல் அடங்கவிட்டு, கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடியுங்கள். அது தெளிந்தபின் அந்தப் பாத்திரத்தின் அடியில் படிந்ததைக் காயவைத்து அரைத்து மீடியத்தில் குழையுங்கள். அதன் நிறம் இரும்பு ஒக்சைட்டால் வருவது, வெளிறாது. தண்ணீரில் மட்டும் குழைத்தால் காய்ந்தபின் பொடியாக உதிரும்.

பலகையை நாலு பக்கமும் திருப்பி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். கறைபிடித்த சுவரில் நிலக்காட்சிகளைத் தேடச் சொல்லி லியனார்டோ டா வின்சியே எழுதியிருக்கிறார். மாரி முடிந்த தை மாதத்துச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்ளுணர்வுக்கு உண்மையான வேலை இங்கேதான்: எந்தக் கறையை விடுவது, எதை மூடுவது. அவசரப்படாதீர்கள், இரண்டு நாள் எடுத்தாலும் பரவாயில்லை.

பிறகுதான் கண்ணாடி. மூன்று புள்ளிகளை மட்டும் அளந்து குறியுங்கள்: இரண்டு கண்களின் உள்மூலைகள், மூக்கின் அடி. கண்ணாடியின் மேல் சவர்க்காரத்தால் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டால், எவ்வளவு தள்ளி நின்றாலும் அது உங்கள் முகத்தின் சரிபாதி அளவாகவே இருக்கும். அந்த அளவு இந்தப் பலகைக்குப் பொருந்தும்.

தோல் நிறம் பற்றி ஒன்று. பெரும்பாலான பாடநூல்கள் வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்டவை. நம் நிறத்துக்கு வெள்ளை சேர்த்து வெளிச்சம் காட்டினால் சாம்பல் பூசியதுபோலாகும். சியன்னாவும் காவியும் அடிப்படை, நிழலுக்கு நீலமும் கிரிம்சனும், ஒளிக்குக் காவி. திறந்த வானத்து ஒளி விழும் நெற்றி மேட்டில் மட்டும் வெளிர்நீலம், மிகக் கொஞ்சம். அக்றிலிக் காய்ந்தால் ஒரு படி இருளும் என்பதால் சற்றே வெளிறலாகக் கலவுங்கள்.

கனவுத்தன்மை விளிம்புகளில் இருக்கிறது. ஒரு கண்ணை மட்டும் கூர்மையாக்குங்கள். தாடையும் தலைமுடியும் கறைக்குள் கரையட்டும். அதற்குச் சாயம் ஈரமாக இருக்கவேண்டும், நம் வெயிலிலோ சில நிமிடங்களில் காய்ந்துவிடும். காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் வேலை செய்யுங்கள். தட்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் கேக் சுடும்போது அடியில் போடும் பேக்கிங் தாள் போட்டுச் சாயம் வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்துங்கள், புழுதி ஒட்டினால் உரசித்தான் எடுக்கவேண்டும்.

முகச்சாயல் தப்பினால் கண்ணைத் தொடாதீர்கள். பெரும்பாலும் பிழை மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கும். அதை இரண்டு மில்லிமீற்றர் நகர்த்திப் பாருங்கள்.