கஞ்சனும் வள்ளலும்: ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

ஆங்கிலத்தில் கஞ்சத்தனத்தையும் தாராளத்தையும் குறிக்கும் சொற்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே நிபந்தனை: 'கேட்க ஒரே மாதிரி இருக்கிறதே' என்பதை மட்டும் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

டீச்சர், மைசர் என்றால் கஞ்சன், மிசரபிள் என்றால் பரிதாபம். இரண்டும் உறவா?

ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் மிசெர் என்றால் பரிதாபத்துக்குரியவன். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதே பொருள்தான், பணப் பேச்சே இல்லை. பெட்டி நிறையக் காசை வைத்துக்கொண்டு பழைய சோறு தின்று படுப்பவனைப் பார்த்தால் 'ஐயோ பாவம்' என்றுதானே தோன்றும்? அந்த நூற்றாண்டிலேயே சொல் அவனிடம் ஒட்டிக்கொண்டது.

ஜெனரஸ்?

எனக்குப் பிடித்த கேள்வி. லத்தீன் வேரின் பொருள் குலம். ஜெனரஸ் என்றால் முதலில் 'நல்ல குலத்தில் பிறந்தவர்', அவ்வளவுதான். அள்ளிக் கொடுப்பவர் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. லிபரலும் அப்படியே, லத்தீனில் லிபெர் என்றால் அடிமை அல்லாதவர். இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். கஞ்சனை 'மீன்' என்பார்களே (குழம்பில் போடும் மீனைச் சொல்லவில்லை), அதன் பழைய பொருள் 'பொதுவானது'. பொதுவானது சாதாரணமானதாகி, சாதாரணமானது தாழ்ந்ததாகி, கடைசியில் கஞ்சத்தனமும் அதன் தலையில் விழுந்தது. நல்ல பட்டமெல்லாம் மேட்டுக்குடிக்கு, கெட்ட பெயர் ஊராருக்கு!

கேஷ் நம் காசிலிருந்து வந்ததுதானே?

ரொக்கம் என்ற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. கிழக்கு நாடுகளின் சில்லறை நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். அது நம் காசு, போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. எழுத்து ஒன்று, சொல் இரண்டு.

கஞ்சத்தனமான என்பதற்கு stingy என்கிறார்களே, அது ஸ்டிங்கியா, ஸ்டிஞ்சியா?

ஸ்டிஞ்சி.

நிகர்ட்லி என்பது இனவசையா?

இல்லை. கஞ்சத்தனமான என்று பொருள். ஸ்காண்டிநேவிய வேர் என்பார்கள், அடிச்சொல்லான நிகர்ட் (கஞ்சன்) 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. காதில் ஏறக்குறைய இதே மாதிரி விழும், கறுப்பினத்தவரை இழிக்கும் இனவசையோ லத்தீனில் கறுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது. ஆனால் காதுக்கு வேர் தெரியாதே! 1999 ஜனவரியில் வாஷிங்டன் மேயர் ஆண்டனி வில்லியம்ஸின் உதவியாளர் டேவிட் ஹோவர்ட் நிதி பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைச் சொன்னார். வசை பேசினார் என்று புரளி கிளம்பி, பதவி விலகினார். கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் தலைவர் ஜூலியன் பாண்ட் என்பவரே அவருக்காகப் பேசினார். அப்புறம் மேயர் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அப்படியானால் தாராளமாகச் சொல்லலாமே?

வேர் கேட்டீர்கள், சொன்னேன். சொல்லலாமா என்பது வேறு கேள்வி. நான் வகுப்பில் சொல்வதில்லை. ஸ்டிஞ்சி இருக்கும்போது எனக்கென்ன குறை?

இது அறியாமைக்குப் பணிவது, டீச்சர். நாளை எந்தச் சொல்லை விடச் சொல்வீர்கள்?

பாண்டின் வாதமும் ஏறக்குறைய இதுதான். அந்த வசையைக் கேட்டு வளர்ந்தவர் அப்படிச் சொல்லலாம். அந்த வசைக்கு ஆளாகாத நீங்களும் நானும் வீராப்புப் பேசுவதில் அர்த்தமில்லை. தடை கேட்கவில்லை, என் வாயைப் பற்றித்தான் சொன்னேன்.

கேஷ், காசு... ஏதாவது தொடர்பு உண்டா?

மேலே நான்கு கேள்வி தள்ளிப் பாருங்கள்.

பிராடிகல் என்றால் திரும்பி வந்தவன்தானே?

ஊதாரி. பைபிள் கதையில் அந்த மகன் திரும்பி வருவதால் வந்த குழப்பம்.

ஸ்கின்ஃப்ளின்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

சிக்கிமுக்கிக் கல்லிலும் தோல் உரிக்கப் பார்ப்பவன் என்று அர்த்தம். நம்மிடம் இருப்பவன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். கையை வீசினால் ஒட்டியிருக்கும் பருக்கை காக்கைக்குப் போய்விடுமே என்ற பயம். ஆங்கிலேயன் இல்லாத தோலுக்கு அலைகிறான், நம்மாள் இருக்கும் பருக்கையைக் காக்கிறான். மொழிபெயர்க்கும்போது தயங்காமல் காக்கையைப் போடுங்கள்.

ஸ்டிஞ்சி, கஞ்சி, கஞ்சன் மூன்றும் ஒரே வேராக இருக்குமோ?

என் நிபந்தனையைப் படித்துவிட்டு வாருங்கள்.