கண்ணாடியில தெரியறதும் நிழல் தானா சார்?

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. ஸ்கூல்ல நிழலுக்கும் எதிரொளிப்புக்கும் சேத்து ஒரு ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. வீட்டு ட்யூப்லைட்டுக்கு கீழ பென்சில புடிச்சா நிழலே சரியா விழ மாட்டேங்குது, செல்போன் டார்ச் அடிச்சா மட்டும் அச்சு அசலா விழுது. ஒளி நேர்கோட்டுல தான போகுது, அப்புறம் ஏன் இப்படி? எங்கம்மா வேற கண்ணாடியில தெரியறதையும் நிழல்னு தான் சொல்றாங்க, இவளும் அதையே நோட்டுல எழுதி வெச்சிருக்கா. எப்படி புரிய வைக்கறது?

பதில்: முதல்ல உங்கம்மா மேல தப்பே இல்லங்க. ஊர்ப்பக்கம் கெணத்துக்குள்ள தெரியற நிலாவையும் நிழல்னு தான் சொல்லுவாங்க, போட்டோவுக்கே நிழற்படம்னு தான நம்ம பேரு வெச்சிருக்கோம். பேச்சுக்கு அது சரி, பரீட்சைல தான் மார்க் போயிடும். சுவத்துல விழற நிழலுக்கு கண்ணு இருக்காது, பொட்டு இருக்காது, சட்டை கலர் இருக்காது, ஏன்னா அந்த இடத்துக்கு வெளிச்சம் வந்து சேரல, அவ்வளவு தான். கண்ணாடியில தெரியறது அதுக்கு நேர் எதிர், மூஞ்சிலேந்து கெளம்புன வெளிச்சம் கண்ணாடில பட்டு திரும்பி நம்ம கண்ணுக்கே வருது, அதனால பொட்டு கூட தெரியுது. அத பிம்பம்னு எழுத சொல்லுங்க.

இப்ப ட்யூப்லைட்டுக்கு வருவோம். ஒளி நேர்கோட்டுல தான் போகுது, அதுல சந்தேகமே வேணாம். ஆனா நாலடி ட்யூப்லைட்ங்கறது ஒரு லைட் இல்ல, நூறு குட்டி லைட்ட வரிசையா நிக்க வெச்ச மாதிரி. ஒவ்வொண்ணும் பென்சிலுக்கு ஒரு நிழல் போடும், ஒண்ணு போட்ட நிழல் மேல பக்கத்துல இருக்கறது வெளிச்சத்த ஊத்திடும், அப்புறம் எங்கேந்து நிழல் தெரியும்? டார்ச் பல்பு சின்ன புள்ளி மாதிரி இருக்கு, அதனால எல்லா கதிரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலேந்து வருது, விளிம்பு வெட்டுனாப்ல விழுது.

சொன்னா நம்ப மாட்டா, செஞ்சு காட்டுங்க. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழ டேபிள்ல ஒரு வெள்ள பேப்பர போட்டு, பென்சில அதுலேந்து 10 சென்டிமீட்டர் உயரத்துல, ட்யூப் எந்த பக்கம் நீளமா போகுதோ அதே பக்கமா புடிங்க. நிழல் கோடு மாதிரி தெரியும். அப்படியே மெதுவா பென்சில குறுக்கால திருப்புங்க, நிழல் கரைஞ்சு காணாமயே போயிடும்! கைய எடுக்கல, லைட்ட மாத்தல, வெறும் திருப்பு தான். கணக்கும் சிம்பிள், லைட் பென்சிலுக்கு ஒண்ணரை மீட்டர் மேல இருக்குன்னு வெச்சுக்கோங்க, 120 சென்டிமீட்டர் நீளமான ட்யூப் அந்த திசைல நிழல் ஓரத்த 8 சென்டிமீட்டருக்கு இழுத்து பரப்பிடும், பென்சில் தடிமனோ 7 மில்லிமீட்டர், அது எப்படி தாங்கும். ட்யூபோட தடிமன் ரெண்டரை சென்டிமீட்டர் தான், அந்த பக்கம் பரவறது ரெண்டு மில்லிமீட்டர் கூட வராது, அதனால தான் நீளவாக்குல புடிச்சா நிழல் பொழைச்சுக்குது. வெளிச்சம் கொஞ்சம் கூட வராத நடுப்பகுதி கருநிழல், பாதி வந்து பாதி வராத ஓரம் புறநிழல். புக்குல சூரிய கிரகணம் படத்துல இருக்கற அதே வார்த்தைங்க தான், பென்சில்ல பாத்துட்டா கிரகணம் தானா புரியும்.

சூரியனும் புள்ளி இல்ல பாருங்க. குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர், தூரம் சுமார் 15 கோடி, அதாவது குறுக்களவு மாதிரி 107 மடங்கு தள்ளி இருக்கு. அதனால எந்த பொருளோட கருநிழலும் அதோட தடிமன் மாதிரி 107 மடங்கு தூரத்துல முடிஞ்சிடும். மொட்டை மாடில துணி காயப்போடற கொடிக்கம்பி 3 மில்லிமீட்டர்னா கருநிழல் ஒரு அடி தாண்டினா அவுட், ஆறடி உயரத்துல கட்டியிருக்கறதால தரையில லேசா சாம்பல் கோடு தான் விழும், காயற துணியோட நிழல் மட்டும் நல்லா கருப்பா விழும். வெயில்ல நிக்க வெச்சு அவ நிழலையே பாக்க சொல்லுங்க, கால் பக்கம் ஷார்ப்பா இருக்கும், தலை பக்கம் மங்கலா இருக்கும்.

நிழல் பத்தி பேசறப்ப தஞ்சாவூர் பெரிய கோயில் விமான நிழல் தரையில விழாதுன்னு யாராவது கெளப்பி விடுவாங்க, இத வேற சொல்லிடறேன், விழும்! காலையில எட்டு மணிக்கு போய் நின்னா பிரகாரத்துல நீளமா விழறத பாக்கலாம். அடி அகலமா இருந்து மேல போக போக குறுகற கட்டடம், அதனால சூரியன் உச்சிக்கு வர்ற சமயத்துல நிழல் கட்டடத்துக்குள்ளயே அடங்கிடும், அந்த கொஞ்ச நேரத்த வெச்சு ஊதி பெருசாக்கிட்டாங்க. சென்னையில ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்குல மத்தியானம் 12 மணி தாண்டி சில நிமிஷத்துல சூரியன் சரியா உச்சில நிக்கும், அப்ப நேரா நிக்கற கம்பிக்கு கூட நிழல் இருக்காது.

அடுத்தது எதிரொளிப்பு. வெளிச்சம் வந்து படற படுகோணமும் திரும்பி போற எதிரொளிப்புக் கோணமும் சமம்னு அவளே ஒப்பிப்பா. சுவர் மேல பட்ட வெளிச்சமும் திரும்பி தான் வருது, ஆனா சுவர் சொரசொரப்பா இருக்கறதால ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு பக்கம் போயிடுது, பிம்பம் வராது. புது எவர்சில்வர் தட்டுல மூஞ்சி தெரியும், ஒரு வருஷம் கம்பி நார் போட்டு தேச்சப்புறம் தெரியாது, அதே கதை தான்.

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஐடியா. கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு கண்ண மூடிட்டு, தெரியற மூஞ்சிய சுத்தி சோப்பு துண்டால கண்ணாடி மேலயே கோடு போட சொல்லுங்க. அப்புறம் ஸ்கேல் வெச்சு அளந்தா அவ மூஞ்சில சரியா பாதி தான் இருக்கும். ரெண்டடி பின்னாடி போய் அதே ஒத்தக் கண்ணால பாத்தாலும் கோடு மூஞ்சிய கச்சிதமா சுத்தி நிக்கும், ஏன்னா நம்ம எவ்வளவு தள்ளி நிக்கறமோ பிம்பமும் கண்ணாடிக்கு பின்னாடி அவ்வளவு தள்ளி நிக்குது, கண்ணாடி எப்பவும் பாதி வழியில. ஆளுயர கண்ணாடி வாங்க போறவங்களுக்கும் இதே கணக்கு தான், 5 அடி 4 அங்குலம் இருக்கறவங்க தலைலேந்து கால் வரைக்கும் பாக்க 2 அடி 8 அங்குலம் போதும், மேல் விளிம்பு கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவுல வர்ற மாதிரி மாட்டணும்.

கண்ணாடியில இடது வலதா தெரியறத கேட்டா இடவல மாற்றம்னு பரீட்சைல எழுதட்டும், அது தான் விடை. ஆனா வடக்கு பாத்து கண்ணாடி முன்னாடி நின்னு கிழக்கு பக்கத்து கைய தூக்கினா பிம்பத்துலயும் கிழக்கு பக்கத்து கை தான் தூக்கும், நம்ம மூக்கு வடக்க பாக்குது பிம்பத்து மூக்கு தெக்க பாக்குது, மாறுனது அது ஒண்ணு தான். இத கேட்டா டீச்சரே கொஞ்சம் யோசிப்பாங்க.

சோப்பு கோட்ட அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து சார்ட்ல ஒட்டிடுங்க, ஆனா கேமராவ அவ கண்ணு இருந்த இடத்துலயே வெச்சு எடுக்கணும், போன் மூஞ்சிய பாதி மறைக்கும், பரவால்ல விளிம்பு தெரிஞ்சா போதும், கொஞ்சம் தள்ளி வெச்சு எடுத்தீங்கன்னா கோடு ஒரு பக்கம் மூஞ்சி ஒரு பக்கம் நிக்கும்.