ரூட்டர் மாற்றினால் நெட் வராதா?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறோம். போன மாதம் இடி மழையில் எங்கள் வைஃபை ரூட்டர் போய்விட்டது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். லைட் எல்லாம் எரிகிறது, நெட் மட்டும் வரவில்லை. "மேக் அட்ரஸ் மாறிப்போச்சு, 500 ரூபாய் ஆகும்" என்கிறார் கேபிள்காரர். அதே அட்ரஸை மாற்றித் தர 300 கேட்கிறார் கடைக்காரர். மாற்ற முடியுமா? தப்பா?

பதில்: மாற்ற முடியும், தப்பில்லை. நீங்களே செய்யலாம்.

மேக் அட்ரஸ் என்பது நெட்டில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண். பழைய ரூட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்டிக்கரில் மேக் (MAC) என்று போட்டு, எண்ணும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துமாக 12 இருக்கும். முதல் ஆறு தயாரித்த கம்பெனியைச் சொல்லும். ஐ-ட்ரிபிள்-இ என்ற அமைப்பு ஒதுக்கித் தருவது. மீதி ஆறு அந்தப் பெட்டிக்கே உரியது. உங்கள் கேபிள்காரர் பழைய அட்ரஸைப் பதிந்து வைத்திருப்பார். புதியவர் வந்தால் வாசலிலேயே நிறுத்துகிறது அவருடைய சர்வர்.

சிப்பில் பதிந்த அட்ரஸ் அப்படியேதான் இருக்கும். ஆனால் வெளியே வேறு அட்ரஸைச் சொல்லும்படி ரூட்டரிடம் சொல்லலாம். ஸ்டிக்கரில் உள்ள லாகின் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். வான் (WAN) அல்லது இன்டர்நெட் பகுதியில் 'மேக் குளோன்' என்று இருக்கும். பழைய அட்ரஸை அங்கே அடித்து, சேமித்து, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். வரவில்லையா? அட்ரஸின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டிப் பாருங்கள் (9-க்கு அடுத்தது ஏ). சில ரூட்டர்களில் வெளிப்பக்க அட்ரஸ் ஸ்டிக்கரில் உள்ளதைவிட ஒன்று தள்ளியிருக்கும். இது வீட்டுக்குள் சாதாரண நெட் கேபிள் வந்தால்தான். ஃபைபர் ஒயர் நேராகப் பெட்டியில் செருகியிருந்தால், அந்தப் பெட்டியின் சீரியல் நம்பரைக் கம்பெனிதான் பதிய வேண்டும்.

என்னைக் கேட்டால், குளோன் செய்வதைவிட கேபிள்காரரிடம் புதிய அட்ரஸைப் பதியச் சொல்வதே நல்லது. அவருக்கு இரண்டு நிமிட வேலை. 500 எதற்கென்று கேளுங்கள், ரசீதும் கேளுங்கள்.

போனில் இந்தத் தொல்லை வேறு மாதிரி வரும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போனே ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் அட்ரஸைக் கொடுக்கிறது. அட்ரஸில் இரண்டாவதாக 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்று இருந்தால் அது பொய் அட்ரஸ். பிள்ளைகளின் ஹாஸ்டலில் மேக் பதியச் சொன்னால், அந்த வைஃபைக்கு மட்டும் போன் செட்டிங்ஸில் அசல் அட்ரஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், வேறு. பழைய போன் விற்கிறவர் "அதையும் மாத்தித் தர்றேன்" என்றால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.