போர்ஜ்ட் பிஸ்டனா, வார்ப்பா? திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உவர்மலை: அண்ணா, என் லான்சருக்கு டர்போ போடப் போகிறேன். பழைய பிஸ்டனோடு ஓடலாமா?

வேண்டாம் தம்பி. இதே வேலை செய்த கார் ஒன்றின் பிஸ்டன் இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலுள்ள பட்டி நகமளவு பெயர்ந்து போயிருக்கிறது. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலப் புள்ளிகள். அது கரியில்லை, பிஸ்டனின் அலுமினியம். 92 ஒக்டேன் பெற்றோலில் பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை) கூட்டி, நொக்கிங்கை (சிலிண்டருக்குள் பெற்றோல் தானாக வெடித்து அடிப்பதை) கவனிக்காமல் ஹபரணை வீதியில் இழுத்திருக்கிறார்.

வார்ப்பு என்பது உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுவது. சிலிக்கன் கூடினால் தேய்மானம் குறையும். ஆனால் பலத்த அடி விழுந்தால் நெளியாது, உடையும். போர்ஜ்ட் என்பது கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அமுக்கி உருவாக்குவது. அடி தாங்கும். அதற்காக நொக்கிங்கை விட்டுவைத்தால் போர்ஜ்டும் உருகும். 95 ஒக்டேன் பெற்றோலையும் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரத்தையும்) முதலில் சரிப்படுத்துங்கள். போர் பண்ணுவது, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது, பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான்.

கிண்ணியா: தினமும் ஓடும் 5கே எஞ்சின் டவுன்ஏஸ் வான். போர்ஜ்ட் கூடக் காலம் உழைக்குமா?

உழைக்காது. நல்ல வார்ப்பு போடுங்கள்.

நிலாவெளி: போர்ஜ்ட் போட்டேன். காலையில் டக் டக் என்று அடிக்கிறது. லேத்தில் பிழையா?

சூடானதும் சத்தம் நிற்கிறதென்றால் பயப்படாதீர்கள். போர்ஜ்ட் பிஸ்டன் செய்யும் அலுமினியக் கலவை இரண்டு, 2618, 4032 என்று. 2618 கலவையில் சிலிக்கன் இல்லையென்றே சொல்லலாம், அதனால் சூட்டில் நிறைய விரியும். அதற்கு இடம் விட்டுத்தான் போர் பண்ணுவார்கள், குளிரில் ஆடும். 4032 கலவையில் ஏறத்தாழ 12 சதவீதம் சிலிக்கன். விரிவு குறைவு, சத்தமும் குறைவு.

சீனக்குடா: சத்தம் வந்தால் அது பிழையான வேலைதான். இருபது வருடமாக எல்லாப் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவரோடு ஒரே இடைவெளிதான் வைக்கிறேன்.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, இந்தக் கணக்கை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வார்ப்புக்கு வைக்கும் இடைவெளியில் 2618ஐ இறக்கினால் எஞ்சின் சூடாகி ஏற்றம் ஏறும்போது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். கழற்றிப் பாருங்கள், பிஸ்டன் பாவாடையில் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள சுவரில்) மேலிருந்து கீழாகக் கீறல் இருக்கும், சிலிண்டரில் அலுமினியம் ஒட்டியிருக்கும்.

சீனக்குடா: அப்போ எவ்வளவு விடுவது?

பிஸ்டனோடு வரும் தாளில் இருக்கும். எந்த உயரத்தில் அளப்பது என்பதும் அதிலேயே இருக்கும். பிஸ்டன் நேர் உருளையில்லை. மைக்ரோமீற்றரை பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ரொட்டோடு இணைக்கும் கம்பிக்கு) குறுக்கே, சொன்ன உயரத்தில் வையுங்கள். கொஞ்சம் மேலே வைத்தாலும் கணக்கு மாறிவிடும்.

மூதூர்: படகு டீசல் எஞ்சின், பிஸ்டன் தலையில் ஓட்டை. போர்ஜ்ட் போட்டால் சரியாகுமா?

டீசல் என் கையில்லை. ஆனால் புதுப் பிஸ்டன் வாங்க முன் டீசலைத் தெளிக்கும் நொசில்களைப் பம்ப் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். நொசில் ஒழுகினால் அடுத்ததும் ஓட்டையாகும்.

உப்புவெளி: ஓட்டோவுக்கு?

வார்ப்பு.

கந்தளாய்: பல்சருக்கு எது நல்லது?

கிண்ணியாக்காரருக்குச் சொன்ன பதில்தான். தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

தம்பலகாமம்: 0.50 ஓவர்சைஸ் (அரை மில்லிமீற்றர் பெரிய) பிஸ்டன் கொழும்பிலிருந்து வர ஒரு வாரமாகும். அதுவரை சும்மா இருக்காமல் எஞ்சின் பிளொக்கைப் போர் பண்ணி வைக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். பெட்டியில் 0.50 என்று அடித்திருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி அளவு வித்தியாசப்படும். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, எது எந்தச் சிலிண்டருக்கு என்று எழுதிக் கொடுத்துப் போர் பண்ணச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் பிளொக்கைக் கழுவி, தண்ணீர் ஓடும் வழியிலுள்ள துருவைச் சுரண்டி எடுங்கள்.