விஸ்கி ருசித்துக் குறிப்பு எழுதி வைப்பதால் பயன் உண்டா? எப்படி எழுதுவது?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "பாட்டிலின் பின்பக்கம் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், கடல்பாசி என்றெல்லாம் போட்டிருக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் மூக்கில் கோளாறா?"

கோளாறு இல்லை. ஹெதர் பூவை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள், நானும் முகர்ந்ததில்லை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்றும் அதே வட்டாரத்தில் இருப்பவன் நான். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை. பல வருடமாக ஒரு பள்ளிக்கூட நோட்டில் விஸ்கிக் குறிப்பு எழுதி வருகிறேன்.

பயன் உண்டா என்றால், உண்டு. ஆனால் ஆறு மாதம் கழித்து யாராவது லேபலை மறைத்துக் கிளாஸை நீட்டினால், குறிப்பைப் படித்து இன்ன பாட்டில் என்று சொல்ல முடிய வேண்டும். அதற்கு உதவாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நோட்டில் இடத்தைத்தான் அடைக்கும். "மென்மையான தொடக்கம், இனிய நடு, நீண்ட பின்சுவை" என்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வாசகம் மாதிரி. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

அதனால் நீங்கள் நிஜமாகவே முகர்ந்து வளர்ந்த வாடைகளை எழுதுங்கள். என் நோட்டில் அதிகம் வருவது ரப்பர்தான். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் ஊறிய சில விஸ்கிகளில் கந்தக வாடை தங்கிவிடுவதுண்டு. காலிப் பீப்பாய் கெடாமல் இருக்க உள்ளே கந்தகம் கொளுத்தும் பழக்கம் அதற்கு ஒரு காரணம். மேல்நாட்டு விமர்சகர்கள் அதை ரப்பர் வாடை என்று எழுதி, குறையாகத் தள்ளிவிடுவார்கள். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எந்த ரப்பர் ஐயா? மரத்தில் கட்டிய மங்கில் சொட்டும் புதுப்பாலுக்கு லேசான இனிப்பு வாடை. அதில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைக்கும்போது மூக்கைக் குத்தும் புளிப்பு. ஷீட்டாக உருட்டிப் புகைவீட்டில் நாலைந்து நாள் தொங்கவிட்டு எடுத்தால் கருவாட்டுக்கும் வெல்லத்துக்கும் நடுவில் ஒரு மணம். மங்கிலேயே உறைந்து மழையில் நனைந்து கிடந்த கட்டிப்பாலை ஏற்றிக்கொண்டு லாரி போனால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். சைக்கிள் டியூப் ஒட்டும் பசை இது எதிலும் சேராது. என்னிடம் ஒரு ஷெர்ரி பீப்பாய் பாட்டில் இருந்தது. அதற்கு "புகைவீட்டு ஷீட், கீழே அசாம் போய்" (புளிப்பும் உப்புமான உலர்பழம்) என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்றுக்கு "கட்டிப்பால் லாரி, தண்ணீர் ஊற்றியும் போகவில்லை". இரண்டையும் எந்தக் காலத்திலும் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

இது வெறும் தோட்டத்துப் பாசம் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் முளைகட்டிய பார்லியைப் பீட் புகையில் காயவைப்பார்கள். பீட் என்பது சதுப்பில் செடிகொடி மக்கி உண்டாகும் கரிய மண், காயவைத்து எரிப்பார்கள். நம் புகைவீட்டில் எரிந்தது விறகு. எரிவது வேறானாலும் குவாயகால், கிரெசால் போன்ற ஃபீனால் வகைச் சேர்மங்கள் இரண்டு புகையிலும் இருக்கின்றன. ஆகவே அந்தத் தீவின் ஆர்ட்பெக் 10 விஸ்கியை முகர்ந்து உங்களுக்குப் புகைவீடு ஞாபகம் வந்தால் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி வாடை, டெட்டால் வாடை வந்தாலும் அப்படித்தான். அவையும் ஃபீனால் குடும்பம். (ஆர்ட்பெக்குக்கு 55 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 55 பங்கு, ஃபீனால் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு பார்லியில் எடுத்தது. வடித்து, பல வருடம் பீப்பாயில் ஊறி, பாட்டிலுக்கு வரும்போது அவ்வளவு இருக்காது.)

ரொட்டியில் தடவும் காயா, தேங்காய்ப்பால் என்று தோன்றினாலும் கூச்சப்படாமல் எழுதுங்கள். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை உள்ளே கரித்த புதிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஏராளமாக ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. அமெரிக்க வெள்ளை ஓக்கில் உள்ள லாக்டோன் என்ற ஒருவகைச் சேர்மத்துக்குத் தேங்காய் மணம். நல்ல வாழைப்பழ வாடை வந்தால் அது நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர் என்ற சேர்மம். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பழைய ஹைலண்ட் மால்ட்டை (முளைகட்டிய பார்லியில் வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி) முகர்ந்து பார்த்துவிட்டு, "டேய் தம்பி, இது செக்ரோல் புத்தகம்டா, அலமாரிய தொறந்தா வருமே, அந்த வாடை" என்றார். செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவேடு. அப்படியே எழுதிக்கொண்டேன். காகிதம் பழசாகும்போது அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் சிதைந்து, வெனிலா மணம் தரும் வெனிலின் உண்டாகும். ஓக் மரத்தின் லிக்னினிலிருந்து விஸ்கிக்கு இறங்குவதும் அதே வெனிலின்தான். அண்ணனுக்கு இந்த வேதியியல் எதுவும் தெரியாது. மூக்கு மட்டும் நல்ல மூக்கு.

சரி, எழுதும் முறைக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் கச்சா எண்ணெயில் தனித்திருக்கும் கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த விழுக்காட்டை மட்டும் எழுதி வைத்தால் மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார். எந்த டேங்க், எத்தனை மணி, என்ன சூடு, யார் எடுத்த மாதிரி, எல்லாம் வேண்டும். விஸ்கிக்கும் எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. தேதி, ஆல்கஹால் விழுக்காடு, பாட்டில் திறந்து எத்தனை நாள், உள்ளே எவ்வளவு மிச்சம், அதற்கு முன் என்ன சாப்பிட்டேன். கடைசியாகச் சொன்னது முக்கியம். சம்பலோடு நாசி லெமாக் சாப்பிட்ட நாக்குக்கு எதுவும் தெரியாது. வீட்டில் சாம்பிராணி போட்ட அன்றும் வேண்டாம். காடு எரிந்து ஊரெல்லாம் புகைமூட்டமாகும் மாதங்களில் நோட்டையே மூடிவிடுவேன். அப்போது உலகத்தில் எல்லா விஸ்கியும் ஐலா விஸ்கிதான்.

கிளாஸ் வாய் குறுகலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் ஆல்கஹால் எரிச்சலில் சற்று நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கிளாஸின் விளிம்பில் முகருங்கள். முதலில் எது தோன்றுகிறதோ, அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும், அதை எழுதிவிட்டு அப்புறம் குடியுங்கள்.

தண்ணீருக்குத் தனி வரி கொடுங்கள். 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணினியில் மாதிரி செய்து பார்த்தார்கள். ஆல்கஹால் 45 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே இருக்கும்போது குவாயகால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன. 59க்கு மேலே போனால் உள்ளேயே அமுங்கிவிடுகின்றன. மேற்பரப்புக்கு வந்தால்தானே மூக்குக்கு எட்டும். பீப்பாயில் இருந்தபடியே நிரப்பிய, 58, 60 விழுக்காடு பாட்டில்களில் இந்த வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். தண்ணீருக்கு முன், பின் என்று இரண்டு வரியாக எழுதினால் சில சமயம் இரண்டு வேறு விஸ்கியைப் பற்றி எழுதியது போல இருக்கும். ஐஸ் போட்டால் மூக்குக்குக் கிடைப்பது குறையும். நம் ஊர் வெயிலுக்கு ஐஸ் வேண்டும்தான், மறுக்கவில்லை. அந்த கிளாஸுக்கு நோட்டு வேண்டாம்.

நிறத்தைப் பற்றி நான் எழுதுவதே இல்லை. ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. கரும்பொன் நிறத்தைப் பார்த்து வயதைக் கணிப்பது வீண். அதைவிடப் பெரிய தொல்லை, கண் மூக்கை ஏமாற்றும். பிரான்ஸின் போர்தோவில் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் ஒயின் படிப்பு மாணவர்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களையே இதற்கும் எழுதினார்கள். 2001ல் வந்த ஆய்வு இது. படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம். என் மனைவி கிளாஸ்களுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டி எண் போட்டு, எது எது என்று தனிச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். அவள் குடிப்பதில்லை. ஆனால் நான் தடுமாறுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

அம்மாவுக்குத்தான் இந்த நோட்டு பிடிக்கவில்லை. "குடிக்கிறதுக்கு ஒரு கணக்குப் புத்தகமா?" என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த சம்பளத்தை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947ல் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்று போலீஸோடு மோதியது. கள்ளுக்குப் பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. சம்சுவால் சிதைந்த குடும்பங்களை எங்கள் லயத்திலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு வீட்டில் பாட்டில் என்றாலே வயிற்றைக் கலக்கும். அதை உங்கள் வீட்டிலும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனாலேயே ஊற்றும் அளவை மில்லியில் எழுதுகிறேன். ருசிக்க 20 மில்லி போதும். மிச்ச அளவும் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பாட்டில் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதை நோட்டு மறைக்காமல் காட்டும். குறிப்பு எழுதாத கிளாஸ்கள் எழுதியவற்றைவிட அதிகம் என்று தெரிந்தால் விஷயம் ருசியைத் தாண்டிவிட்டது. அப்போது வேண்டியது நோட்டு அல்ல, டாக்டர். வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2020லிருந்து நம் நாட்டில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் மோட்டார் சாவியைத் தொடாதீர்கள்.

நம் வெப்பத்தைப் பற்றி வெள்ளைக்காரர்களின் குறிப்புகளில் அதிகம் இருக்காது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவது வருடத்துக்குச் சுமார் 2 விழுக்காடு. பெங்களூரில் அம்ருத் வடிசாலைக்கு அது 10 விழுக்காட்டைத் தாண்டும். அங்கே நாலைந்து வருடத்திலேயே பீப்பாயின் சாரம் முழுக்க இறங்கிவிடும். தைவானின் கவலான் வடிசாலையும் அதே கதைதான். 2006ல்தான் வடிக்க ஆரம்பித்தார்கள், 2015ல் அவர்களுடைய ஒரு பாட்டில் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கி) என்று பரிசு வாங்கியது. லேபலில் உள்ள வயதைப் பார்த்து மதிப்பு போடும் பழக்கம் இருந்தால் இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ருசித்து எழுதிப் பாருங்கள். பீப்பாய்க்கு நல்லது செய்யும் சூடு, திறந்த பாட்டிலுக்கு ஆகாது. தகரக் கூரை வீட்டு மதிய வெப்பத்தில் பாதி காலியான பாட்டில் சீக்கிரம் மங்கிப்போகும். வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். புதிதாகத் திறந்தபோது ஒரு குறிப்பு, பாதியில் ஒன்று, அடியில் ஒன்று என்று எழுதினால் எந்தப் பாட்டில் எவ்வளவு தாங்கும் என்பது தெரிய வரும். என் நோட்டில் எனக்கே அதிகம் உதவியவை இந்த வரிகள்தான். பீட் விஸ்கியில் புகை முதலில் அடங்கும். சிலவற்றில் அதற்கு அடியில் ஒளிந்திருந்த இனிப்பு அப்போதுதான் தலைகாட்டும்.

மார்க் போடலாமா என்று கேட்பீர்கள். நூற்றுக்கு 87, 88 என்றெல்லாம் என்னால் முடியாது. போன மாதத்து 87க்கும் இந்த மாதத்து 87க்கும் நடுவில் எத்தனை சம்பல் போயிருக்கும்?

தொடங்குபவர் பெரிய செலவு செய்ய வேண்டாம். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் எப்படியும் மேசைக்கு வரும் ஜானி வாக்கர் பிளாக் லேபலில் ஆரம்பியுங்கள். அதன் கலவையில் கொஞ்சம் ஐலாப் புகையும் இருக்கிறது. இத்தனை வருடம் கவனிக்காமல் குடித்ததைக் கவனித்துக் குடிப்பது நல்ல பயிற்சி. அப்புறம் போர்பன் பீப்பாய் ஒன்று, ஷெர்ரி பீப்பாய் ஒன்று, பீட் ஒன்று என்று 5 சென்டிலிட்டர் குட்டி பாட்டில்களாகத் தேடுங்கள். லங்காவி போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள், வரி இல்லாததால் அங்கே விலை பாதியாகத் தெரியும்.

கைப்பேசியில் எழுதுவதில் தப்பில்லை. ஆனால் கிளாஸோடு கைப்பேசியையும் எடுத்தால் வாட்ஸ்அப் வந்து நிற்கும், மூக்கு அதோடு போய்விடும். நோட்டு வாங்கினால் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை, விஸ்கி சொட்டினால் பரவிவிடும்.